புரோகிராமிங் உதவி கேட்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோட் ஓடாமல் நின்றுவிட்டால் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் தளத்திலோ, ஒரு டிஸ்கார்ட் சர்வரிலோ, டெலிகிராம் குழுவிலோ கேட்கிறோம். அங்கே பதில் சொல்பவர்களுக்குச் சம்பளம் கிடையாது. உங்கள் திரையும் அவர்களுக்குத் தெரியாது. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு உண்மைகளிலிருந்து வருபவை. எடுத்துக்காட்டுக்காக, விண்டோஸ் கணினியில் பைத்தானைக் கொண்டு தமிழ்க் கோப்பைப் படிக்கும்போது வரும் ஒரு பிழையைப் பக்கம் நெடுகப் பயன்படுத்தியிருக்கிறோம்.

கேட்பதற்கு முன் எவ்வளவு தேட வேண்டும்?

அரை மணி நேரம் முறையாகத் தேடினால் போதும். எரரின் முக்கியமான வரியை எடுங்கள். ஃபோல்டர் பெயர், வரி எண், நீங்கள் வைத்த மாறியின் பெயர் என உங்கள் கணினிக்கு மட்டும் உரியவற்றை நீக்குங்கள். மிச்சத்தை இரட்டை மேற்கோளுக்குள் போட்டுத் தேடுங்கள். எரரை அப்படியே ஒட்டித் தேடும்போது ஒன்றும் கிடைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் அந்த ஃபோல்டர் பெயர்தான் காரணம். பிறகு அந்த ஃபங்ஷனின் ஆவணப் பக்கத்தைப் படியுங்கள். அது நீங்கள் பயன்படுத்தும் பதிப்புக்கான பக்கமா என்று மேலே பார்த்துக்கொள்ளுங்கள்.

தேடியதைக் கேள்வியிலும் எழுதுங்கள்: இந்தப் பதிலைப் பார்த்தேன், அதில் சொன்னபடி செய்தேன், இப்படி ஆனது. இதை எழுதாவிட்டால் முதலில் வருபவர் அதே இணைப்பைத்தான் தருவார். இருவருக்கும் நேரம் வீண்.

என் புரோகிராம் 400 வரி. முழுவதையும் ஒட்டலாமா?

வேண்டாம். பிழையைக் காட்டும் மிகச் சிறிய கோடாக அதைக் குறுக்க வேண்டும். கேள்வி கேட்பதில் அதிக உழைப்பு வேண்டிய இடம் இதுதான், அதிகப் பலன் தருவதும் இதுதான்.

மூவாயிரம் பெயர்கள் உள்ள கோப்பைப் படித்து, தரவுத்தளத்தில் சேர்த்து, திரையில் பட்டியலிடும் புரோகிராம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். விண்டோஸில் ஓட்டினால் யூனிகோட் டிகோட் எரர் (பைட்டுகளை எழுத்துகளாக மாற்ற முடியவில்லை என்ற பிழை) வருகிறது. முதலில் ஃபோல்டர் முழுவதையும் நகலெடுங்கள். இனி வெட்டுவதெல்லாம் நகலில் மட்டும். திரைப் பகுதியை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். எரர் அப்படியே வந்தால் அந்தப் பகுதிக்கும் பிழைக்கும் தொடர்பில்லை, அது போகட்டும். தரவுத்தளப் பகுதியையும் அப்படியே எடுங்கள். எரர் மறைந்துவிட்டால், கடைசியாக நீக்கியதைத் திரும்ப வைத்துவிட்டு வேறு பகுதியை நீக்குங்கள். இப்படிப் பாதி பாதியாக வெட்டினால் 400 வரி பத்துச் சுற்றுக்குள் சில வரிகளாகிவிடும்.

கோப்புக்கும் இதே வழிதான். மூவாயிரம் வரியை 1500 ஆக்குங்கள், பிறகு 750. கடைசியில் ஒரே ஒரு பெயர் மிஞ்சும்போது விடையின் பாதி கையில் வந்துவிடும். கோப்பில் 'கவிதா' மட்டும் இருந்தால் எரர் வராது, எழுத்துகள் மட்டும் புரியாத குறிகளாகத் தெரியும். 'கண்ணன்' இருந்தால் எரர் வரும். வேறுபாடு மெய்யெழுத்தின் புள்ளி. யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் புள்ளி மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது, அவற்றில் கடைசி பைட்டின் பதினாறடிமான மதிப்பு 8டி (8D). ஆங்கில விண்டோஸில் பைத்தான் இயல்பாகப் பயன்படுத்தும் சிபி1252 என்ற குறியீட்டு அட்டவணையில் 8டி என்ற இடம் காலி. அந்த பைட் வந்ததும் படிப்பது நின்றுவிடுகிறது. கோப்பைத் திறக்கும்போதே என்கோடிங் (எழுத்துகளை பைட்டுகளாக்கும் முறை) யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டால் தீர்ந்தது.

இங்கே கேள்வியே கேட்காமல் விடை கிடைத்துவிட்டது. குறுக்கும்போது இப்படி அடிக்கடி நடக்கும். கிடைக்காமல் போனாலும் கேள்வி மூன்று வரியாகிவிட்டது: 'கண்ணன்' என்ற சொல்லை யூடிஎஃப்-8 முறையில் கோப்பில் எழுதும் வரி, அதைத் திறக்கும் வரி, படிக்கும் வரி. கோப்பை உருவாக்கும் வரியையும் சேர்ப்பது முக்கியம். அப்போதுதான் மற்றவர் உங்களிடம் கோப்பைக் கேட்காமலேயே ஓட்டிப் பார்க்க முடியும்.

ஒரு எச்சரிக்கை. குறுக்கிய கோடைப் புதிய, காலியான ஒரு ஃபோல்டரில் வைத்து ஓட்டி, அதே எரர் வருகிறதா என்று பார்த்த பிறகே ஒட்டுங்கள். கேள்வி எழுதும் பெட்டிக்குள்ளேயே வரிகளை நீக்கிச் சுருக்குபவர்கள் ஒரு அடைப்புக்குறியையோ இம்போர்ட் வரியையோ சேர்த்து நீக்கிவிடுகிறார்கள். பதில் சொல்ல வருபவர் அந்தப் புதுப் பிழையைத்தான் திருத்துவார். உங்கள் பிழை அப்படியே இருக்கும்.

தரவு இல்லாமல் பிழையைக் காட்ட முடியாது. தரவை எப்படித் தருவது?

எழுத்தாக, சிறிதாக, போலிப் பெயர்களோடு. பாண்டாஸ் டேட்டாஃபிரேம் (பைத்தானில் அட்டவணைத் தரவு) என்றால் முதல் ஐந்து வரிகளை டிக்‌ஷனரியாக மாற்றி அச்சிட்டு ஒட்டுங்கள். மற்றவர் அதைக் காப்பி செய்து ஒரே வரியில் திரும்ப டேட்டாஃபிரேம் ஆக்கிவிடுவார். எஸ்க்யூஎல் (தரவுத்தளங்களுக்கான மொழி) கேள்வி என்றால் டேபிளை உருவாக்கும் கட்டளையும் நான்கைந்து இன்சர்ட் வரிகளும் வேண்டும். கூடவே, அந்த நான்கைந்து வரிகளுக்கு நீங்கள் எதிர்பார்க்கும் விடையையும் கையால் எழுதித் தாருங்கள். எஸ்க்யூஎல் கேள்விகளில் பலரும் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் பகுதியைத்தான்.

'வேலை செய்யவில்லை' என்று எழுதினால் ஏன் கோபப்படுகிறார்கள்?

அந்தச் சொல்லுக்குள் நான்கு வேறு நோய்கள் இருக்கின்றன: தொடங்கவே இல்லை, பாதியில் எரர் வந்தது, முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது, முடிந்தது ஆனால் விடை தவறு. எது என்று சொல்லாவிட்டால் மருந்து சொல்ல முடியாது. என்ன கொடுத்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்று மூன்றையும் எழுதுங்கள்.

தமிழ் சார்ந்த கேள்வி என்றால் ஏன் அப்படி எதிர்பார்த்தீர்கள் என்பதையும் எழுத வேண்டும். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 5 என்று வரும். நமக்கு அது மூன்று எழுத்து. போலந்திலோ பிரேசிலிலோ இருந்து பதில் சொல்பவருக்கு அது தெரிய வழியில்லை. அவர் 5 சரிதானே என்று நினைப்பார். 'மி' என்பது ம, இகரக்குறி என இரண்டாகவும், 'ழ்' என்பது ழ, புள்ளி என இரண்டாகவும் சேமிக்கப்படுகின்றன, எனக்கு இவை ஒவ்வொன்றும் ஒரே எழுத்தாக எண்ணப்பட வேண்டும் என்று எழுதினால், தமிழே தெரியாதவரும் சரியான லைப்ரரியைக் காட்டிவிடுவார்.

எரர் முழுவதையும் ஒட்ட வேண்டுமா? ஐம்பது வரி வருகிறதே.

முழுவதையும் ஒட்டுங்கள், எழுத்தாக. பைத்தானில் உண்மையான பிழை கடைசி வரியில் இருக்கும், மேலே உள்ளவை அங்கே வந்து சேர்ந்த வழி. அதனால் கீழிருந்து மேலாகப் படித்து, உங்கள் கோப்பின் பெயர் முதலில் தென்படும் வரியைப் பாருங்கள். பிழை பெரும்பாலும் அங்கேதான், லைப்ரரிக்குள் அல்ல. ஜாவாவில் முதல் வரியை மட்டும் ஒட்டுபவர்கள் அதிகம். அங்கே மூல காரணம் கீழே 'காஸ்ட் பை' (Caused by) என்று தொடங்கும் வரிகளில், அதிலும் கடைசியாக வருவதில் இருக்கும். சி, சி++ கம்பைலர்களில் நேர்மாறாக முதல் எரர்தான் முக்கியம். ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனால் அதன்பின் வரும் இருபது எரர்களும் அந்த ஒன்றின் விளைவாக இருக்கலாம்.

ஸ்கிரீன்ஷாட் போட்டால் என்ன?

படத்திலிருந்து கோடைக் காப்பி செய்து ஓட்ட முடியாது. தேடலில் கிடைக்காது. அடுத்த மாதம் இதே எரரில் மாட்டுபவருக்கு உங்கள் கேள்வி உதவாமல் போகும். பார்வையற்ற புரோகிராமர்கள் ஸ்கிரீன் ரீடர் வழியாகப் படிக்கிறார்கள், அது படத்தில் உள்ள கோடைச் சரியாகப் படிக்காது. மொபைலில் திரையைப் படம்பிடித்துப் போடுவது இன்னும் மோசம். பட்டன் தவறான இடத்தில் நிற்கிறது, வரைபடத்தின் அச்சு வெட்டுப்பட்டிருக்கிறது என்பது போலப் பிழையே கண்ணுக்குத் தெரிவதாக இருந்தால் மட்டும் படம் போடுங்கள், கோடை எழுத்தாகச் சேர்த்து.

கோடை ஒட்டினால் உருக்குலைந்துவிடுகிறது. ஏன்?

குழுக்களும் தளங்களும் சில குறிகளை வடிவமைப்புக் கட்டளையாக எடுத்துக்கொள்கின்றன. பெயருக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு வரும் பைத்தான் ஃபங்ஷன்களை டிஸ்கார்டில் வெறுமனே ஒட்டினால் அடிக்கோடுகள் மறைந்து, பெயருக்குக் கீழே கோடு விழும். பெருக்கல் குறிகள் சாய்ந்த எழுத்தாகிவிடும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் எச்டிஎம்எல் டேகுகள் காணாமல் போகும்.

தீர்வு எளிது. கோடுக்கு முன் தனி வரியில் மூன்று பேக்டிக் (```), முடிந்தபின் தனி வரியில் மீண்டும் மூன்று. இது ஒற்றை மேற்கோள் அல்ல. கீபோர்டில் எஸ்கேப் விசைக்குக் கீழே, 1 என்ற எண்ணுக்கு இடப்பக்கம் இருக்கும் குறி. டிஸ்கார்டில் முதல் பேக்டிக்குகளை ஒட்டி மொழியின் பெயரையும் எழுதினால் வண்ணம் பிரிந்து தெரியும். பைத்தானில் இடைவெளியே இலக்கணம் என்பதால் டேபும் ஸ்பேசும் மாறாமல் ஒட்டப்பட்டதா என்று அனுப்பியபின் ஒருமுறை பாருங்கள்.

வேர்டில் ஒட்டிவைத்து எடுத்த கோடும், மொபைலில் தட்டிய கோடும் இன்னொரு தொல்லை தரும். நேரான மேற்கோள்குறிகள் தானாகவே வளைந்த மேற்கோள்களாகிவிடும். பைத்தான் அவற்றை ஏற்காது. எடிட்டரிலிருந்து நேராகக் காப்பி செய்யுங்கள்.

கணினி விவரம் எல்லாம் எதற்கு?

நம் எடுத்துக்காட்டையே பாருங்கள். அந்த மூன்று வரி கோடை லினக்ஸிலோ மேக்கிலோ ஓட்டினால் பொதுவாக எந்த எரரும் வராது, அங்கே இயல்புநிலையே யூடிஎஃப்-8. விண்டோஸ் என்று நீங்கள் சொல்லாவிட்டால் மூன்று பேர் ஓட்டிப் பார்த்து, எனக்குச் சரியாக ஓடுகிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பைத்தான் 3.15 பதிப்பு முதல் விண்டோஸிலும் யூடிஎஃப்-8 இயல்புநிலையாவதால் பதிப்பு எண்ணும் விடையை மாற்றுகிறது.

ஆபரேட்டிங் சிஸ்டம், மொழியின் பதிப்பு, தொடர்புடைய லைப்ரரியின் பதிப்பு, எதிலிருந்து ஓட்டுகிறீர்கள் (டெர்மினலா, விஎஸ் கோடின் ரன் பட்டனா, ஜூபிட்டரா) என்பவை போதும். கடைசி விவரத்தைப் பலர் சிறியதாக நினைக்கிறார்கள். லைப்ரரியை அதற்கான கருவியான பிப் மூலம் நிறுவிய பிறகும் 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்' வந்தால், பெரும்பாலும் கணினியில் இரண்டு பைத்தான்கள் இருக்கும். லைப்ரரி ஒன்றில் இருக்கும், கோட் மற்றொன்றில் ஓடும்.

'உண்மையில் என்ன செய்ய வேண்டும்?' என்று திருப்பிக் கேட்கிறார்கள். கேட்டதற்குப் பதில் சொல்லலாமே?

ஒருவர் இப்படிக் கேட்கிறார்: ஒரு கோப்பில் உள்ள தமிழ்ச் சொற்களில் இருந்து எல்லாப் புள்ளிகளையும் நீக்க ரெஜெக்ஸ் (எழுத்து வடிவங்களைத் தேடும் குறியீடு) எப்படி எழுதுவது? ரெஜெக்ஸ் எழுதித் தருவது எளிது. அவருக்கு வேண்டியது அது இல்லை. புள்ளி இருந்தால் எரர் வருகிறது என்று கண்டுபிடித்திருக்கிறார், அதனால் புள்ளியை நீக்க நினைக்கிறார். ரெஜெக்ஸ் கொடுத்தால் 'கண்ணன்' 'கணணன' ஆகிவிடும், தரவு முழுவதும் பாழாகும். உண்மையான நோக்கத்தைக் கேட்டிருந்தால் என்கோடிங் ஒன்றைக் குறிப்பிடச் சொல்லி முடித்திருப்பார்கள்.

ஆங்கிலக் குழுக்களில் இதை எக்ஸ்-ஒய் பிரச்சினை என்பார்கள். எக்ஸ் என்பது உங்கள் தேவை, ஒய் என்பது அதற்கு நீங்கள் யோசித்த வழி. இரண்டையும் எழுதுங்கள்.

தலைப்பு எப்படி இருக்க வேண்டும்?

'பைத்தான் உதவி தேவை' என்ற தலைப்பைப் பார்த்து யாரும் திறக்க மாட்டார்கள். 'விண்டோஸில் தமிழ்க் கோப்பைப் படிக்கும்போது யூனிகோட் டிகோட் எரர், 8டி பைட்' என்றால் என்கோடிங் தெரிந்தவர் உடனே திறப்பார். கேள்வியை எழுதி முடித்தபின் தலைப்பை எழுதுங்கள். அப்போதுதான் பிரச்சினை என்னவென்று உங்களுக்கே தெளிவாகியிருக்கும்.

ஆங்கிலம் சரளமாக வராது. கேட்கலாமா?

தாராளமாக. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் முதன்மைத் தளம் ஆங்கிலக் கேள்விகளை மட்டுமே ஏற்கிறது. ஸ்பானியம், போர்ச்சுகீசியம், ரஷ்யம், ஜப்பானியம் ஆகியவற்றுக்குத் தனித்தளங்கள் உண்டு, தமிழுக்கு இல்லை. ஆனால் கோடும் எரரும் சரியாக இருந்தால் நான்கு சிறிய வாக்கியங்கள் போதும். இலக்கணப் பிழையை வேறொருவர் திருத்திவிடுவார். அது குற்றம் சொல்வதல்ல, அங்கே வழக்கம்.

நம் ஊர் ஆங்கிலத்தில் சில சொற்களை மட்டும் கவனியுங்கள். வகுப்பில் சந்தேகம் கேட்கிறோம் என்பதால் 'ஐ ஹேவ் எ டவுட்' என்று எழுதுகிறோம். வெளிநாட்டவருக்கு 'டவுட்' என்றால் நம்பிக்கையின்மை, அவர் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்று படும். 'கொஸ்டின்' என்று எழுதுங்கள். 'டியர் சார்' வேண்டாம், பதில் சொல்பவர் ஒரு பெண்ணாகவோ பள்ளி மாணவராகவோ இருக்கலாம். 'அர்ஜென்ட்' என்பதும் வேண்டாம், உங்கள் அவசரம் அவருடைய வேலை அல்ல. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் வணக்கத்தையும் முன்கூட்டிச் சொல்லும் நன்றியையும் நீக்கிவிடுவார்கள், அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தமிழ்க் குழுக்களில் அண்ணா, அக்கா, நண்பா, ப்ரோ எல்லாம் இயல்பு. எரரை மட்டும் மொழிபெயர்க்காமல் அப்படியே ஒட்டுங்கள். மொழிபெயர்த்த எரரைத் தேடவே முடியாது.

குழுவில் 'யாருக்காவது ஜாங்கோ தெரியுமா?' என்று கேட்டால் யாரும் பதில் சொல்வதில்லை. ஏன்?

தெரியும் என்று சொன்னால், இன்னும் பார்க்காத ஒரு கேள்விக்குப் பொறுப்பேற்றதாகிவிடும். அதனால் தெரிந்தவரும் பேசாமல் இருந்துவிடுகிறார். வணக்கம், கேள்வி, கோட், எரர் எல்லாவற்றையும் ஒரே செய்தியில் போடுங்கள். டிஸ்கார்டில் இலவசக் கணக்குக்கு ஒரு செய்தி 2000 குறிகள் வரைதான். அதற்குள் அடங்காவிட்டால் இன்னும் குறுக்க வேண்டும் என்று அர்த்தம்.

அனுமதி கேட்காமல் யாருக்கும் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம். பொதுவில் சொன்ன பதில் தவறாக இருந்தால் வேறொருவர் திருத்துவார். தனிச்செய்தியில் அந்தக் காப்பு இல்லை.

எத்தனை நேரம் காத்திருக்க வேண்டும்? வேறு இடத்திலும் கேட்கலாமா?

அரட்டைக் குழுவில் ஒரு மணி நேரம், கேள்வித் தளத்தில் ஒரு நாளாவது. சென்னையில் மாலை 7 மணி என்றால் நியூயார்க்கில் காலை 8.30 அல்லது 9.30. நம் காலையில் அங்கே பலரும் தூக்கத்தில் இருப்பார்கள். கேள்வியைப் போட்டதும் முதல் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள், விளக்கம் கேட்பவர்கள் அப்போதுதான் அதிகம் வருவார்கள். விளக்கத்தைக் கமெண்ட்டில் விடாமல் கேள்வியிலேயே சேர்த்துத் திருத்துங்கள்.

ஒரே நேரத்தில் ஐந்து இடங்களில் கேட்காதீர்கள். ஓரிடத்தில் தீர்ந்த பிறகும் மற்ற நான்கு இடங்களில் யாராவது உழைத்துக்கொண்டிருப்பார்கள். காத்திருந்தும் பதில் இல்லாமல் வேறு இடம் போனால், முதலில் கேட்ட இடத்தின் இணைப்பையும் கொடுங்கள்.

கோடில் பாஸ்வேர்டு இருந்ததைப் பார்க்காமல் ஒட்டிவிட்டேன். அழித்தால் போதுமா?

போதாது. முதலில் அந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள், ஏபிஐ கீ (ஒரு சேவையைப் பயன்படுத்தத் தரப்படும் ரகசியச் சாவி) என்றால் உடனே ரத்து செய்யுங்கள். அழிப்பது அதற்குப் பிறகு. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் திருத்தத்துக்கு முந்தைய வடிவமும் வரலாற்றில் எல்லோருக்கும் தெரியும், கிட்ஹப்பில் பழைய கமிட்டில் (முன்பு பதிவுசெய்த வடிவத்தில்) இருக்கும். பொதுவெளியில் விழும் கீகளைத் தானியங்கி நிரல்கள் தேடிக்கொண்டே இருக்கின்றன. நிறுவனத்தின் கோடை ஒட்டுவதும் ஆபத்து: ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் எழுதுவதெல்லாம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாகிறது. குறுக்கிய எடுத்துக்காட்டு இங்கேயும் உங்களைக் காக்கும்.

அசைன்மென்ட் கேள்வி கேட்கலாமா?

கேட்கலாம், அசைன்மென்ட் என்று சொல்லிவிட்டு. வினாவை மட்டும் ஒட்டாமல் நீங்கள் எழுதிய அளவையும் நின்ற இடத்தையும் காட்டுங்கள். பதில் வந்தபின் ஆசிரியர் பார்த்துவிடுவாரோ என்று கேள்வியை வெறுமையாக்காதீர்கள். அது பதில் எழுதியவரின் உழைப்பை அழிப்பது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் பழைய வடிவத்துக்கே திருப்பிவிடுவார்கள்.

சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்த கோடில் பிழை. அதைக் கேட்கலாமா?

எங்கிருந்து வந்தது என்று சொல்லிக் கேளுங்கள். அதற்கு முன், அந்தக் கோடில் வரும் ஒவ்வொரு ஃபங்ஷனும் ஆவணத்தில் உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத ஃபங்ஷனை இருப்பது போல எழுதித் தருவது அதற்குச் சாதாரணம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஏஐ எழுதியதைப் பதிலாக ஒட்டுவதற்கு 2022 டிசம்பரிலிருந்து தடை உண்டு.

என் கேள்விக்கு மைனஸ் போட்டு மூடிவிட்டார்கள். இனி என்ன?

மூடுவது என்றால் இப்போதைக்குப் பதில் எழுத முடியாது என்பது மட்டுமே, உங்களை வெளியேற்றவில்லை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் மூன்று பேர் வாக்களித்தால் மூடப்படும். காரணம் கேள்வியின் மேலே எழுதியிருக்கும். விவரம் போதாது என்றால் இந்தப் பக்கத்தில் சொன்னவற்றைச் சேர்த்துத் திருத்தி, மீண்டும் திறக்கக் கோருங்கள். ஏற்கெனவே கேட்கப்பட்டது என்றால் அந்த இணைப்பை முழுவதும் படியுங்கள். அது உங்கள் பிரச்சினை இல்லை என்றால் எங்கே வேறுபடுகிறது என்று ஒரு பத்தி எழுதுங்கள். அழித்துவிட்டு அதையே புதிதாகப் போடாதீர்கள். மைனஸ் வாங்கி அழித்த கேள்விகளும் கணக்கில் நிற்கும், சேர்ந்துகொண்டே போனால் கேள்வி கேட்கும் உரிமையே நின்றுவிடும்.

பதில் கிடைத்துவிட்டது. நான் செய்ய வேண்டியது ஏதாவது?

ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவைச் சொல்லுங்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் பதிலின் பக்கத்தில் உள்ள டிக் குறியை அழுத்தி ஏற்றுக்கொள்ளலாம், இதற்குக் குறைந்தபட்சப் புள்ளிகள் (தளம் தரும் நற்பெயர் மதிப்பெண்கள்) எதுவும் தேவையில்லை. எழுதியவருக்கு 15 புள்ளி, உங்களுக்கு 2. மேல்நோக்கிய வாக்குப் போட உங்களிடம் 15 புள்ளி இருக்க வேண்டும்.

நீங்களே தீர்வு கண்டுபிடித்திருந்தால் 'சரியாகிவிட்டது, நன்றி' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். என்ன மாற்றினீர்கள் என்று கோடோடு எழுதுங்கள். சொந்தக் கேள்விக்குச் சொந்தமாகப் பதில் எழுத அங்கே அனுமதி உண்டு, இரண்டு நாள் கழித்து அதையே ஏற்றுக்கொள்ளவும் செய்யலாம். டெலிகிராம் குழு என்றால் முதல் கேள்விக்கு ரிப்ளையாக அந்தத் தீர்வைப் போடுங்கள். அதே எரரைத் தேடி வருபவருக்குக் கேள்வியும் விடையும் ஒன்றாகக் கிடைக்கும்.